தலைச்சுற்றுக்குக் கண்ணில் கமரா: நாலரை வருடப் பழக்கம்

திருகோணமலையில் தலைச்சுற்று என்று போய் நின்றால் முதலில் பிரஷர் பார்ப்பார்கள், அப்புறம் சீனி. இரண்டும் சரியென்றால் வெயிலில் நின்றிருப்பீர்கள், தேசிக்காய்த் தண்ணி குடியுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். கண்ணைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. காது பரிசோதனையே தொழிலாக இருந்தும் எனக்கும் வெகுகாலம் தோன்றவில்லை. நாலரை வருடத்துக்கு முன்பு எங்கள் கிளினிக்கில் கண் அசைவைப் படம்பிடிக்கும் வீடியோ நிஸ்டாக்மோகிராபி கருவி ஒன்று வாங்கினோம். வாயில் நுழையாத பெயர் என்பதால் எல்லோருக்கும் அது வீ.என்.ஜி. வாங்க நினைப்பவர்களுக்கும், டெஸ்டுக்கு வரப்போகிறவர்களுக்கும் சில விஷயங்கள்.

பார்வைக்கு முத்துக் குளிக்கிறவரின் முகக் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே இன்ஃப்ராரெட் கமரா. மூடியைப் போட்டால் போட்டிருப்பவருக்குக் கும்மிருட்டு; எனக்கு லப்டொப்பில் இரண்டு கண்ணும் பட்டப்பகலாகத் தெரியும். நாங்கள் காசு கொடுத்தது இந்த இருட்டுக்குத்தான். உட்செவிக் கோளாறால் கண் தானாக ஓடும்போது, ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தாலே மூளை அந்த ஓட்டத்தைப் பெருமளவு அடக்கிவிடும். டோர்ச் வெளிச்சத்தில் சாதுவாக இருக்கும் கண், மூடியைப் போட்டதும் ஒரு பக்கம் மெதுவாக வழுகி, மறுபக்கம் வெடுக்கென்று திரும்பும். நிஸ்டாக்மஸ் என்பது அதைத்தான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மாவை மகன் கூட்டி வந்தார். அஞ்சு மாதமாகப் பிரஷர் குளிசை மாற்றி மாற்றிக் குடித்திருக்கிறார். "சுஜூதுக்குப் போனா வீடே சுத்துது மகன். இப்ப கதிரையில இருந்துதான் தொழுறன்" என்றார். சுஜூது என்றால் தொழுகையில் குனிந்து நெற்றியை நிலத்தில் வைப்பது; அந்த ஒரு வசனத்திலேயே பாதி விடை இருந்தது. கண்ணாடியைப் போட்டு, தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலை சற்றுத் தொங்கும்படி சட்டென்று படுக்க வைத்தேன். டிக்ஸும் ஹோல்பைக்கும் 1952இல் எழுதி வைத்த முறை. ஒன்றுமில்லை. மூன்று, நாலு, ஐந்து செக்கன். பிறகு கண்மணி மேல்நோக்கியும் வலக்காதுப் பக்கம் முறுகியும் துள்ளத் தொடங்கியது. உம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம். அரை நிமிடத்துக்குள் தானாக அடங்கியது.

உட்செவியில் இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கழன்ற கல்சியம் காபனேற்றுத் துணிக்கைகள் தலை திரும்புவதை உணரும் பின்பக்க அரைவட்டக் கால்வாய்க்குள் புகுந்துவிட்டால் இப்படித்தான். கடற்கரைச் சிப்பியும் வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பும் பிறப்பது இதே பொருளில் இருந்துதான். ஜோன் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையை ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் நிறுத்தி உருட்டினால் அவை வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் டொக்டர் அன்றைக்கே செய்தார். உம்மா ஒரு கிழமை கழித்து வந்து, நிலத்தில் தொழுவதாகச் சொன்னார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்பதுதான் மகனுக்குக் கொஞ்சம் சந்தேகம்!

இனி குறைகள். கண் ஓட்டத்தைக் கோடாகக் கீறிக் காட்டும் வரைபடத்தை நம்பி வாங்காதீர்கள். மென்பொருள் கண்மணியைக் கறுப்புப் பொட்டாகத்தான் தேடும். கண்ணுக்கு மை போட்டு வந்தால் இமையோரத்தைக் கண்மணி என்று பிடித்துக்கொண்டு, கோட்டை ஏற்றி இறக்கிக் காட்டும். கண் சிமிட்டினாலும் அப்படியே. ஒருமுறை ஒரு பிள்ளையின் கோட்டை மட்டும் பார்த்து நிஸ்டாக்மஸ் என்று எழுதப்போனேன். பதிவைத் திருப்பி ஓட்டினால், அந்தப் பிள்ளை அழுதுகொண்டு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அன்று தொடக்கம் வீடியோதான் எனக்குச் சாட்சி. இப்போது வாசலிலேயே தண்ணியும் துவாயும் வைத்திருக்கிறோம், மையைக் கழுவிவிட்டு வரச்சொல்லி.

வெந்நீர், குளிர்நீர் டெஸ்டும் இதோடு வருகிறது. உடற்சூட்டைவிட 7 பாகை கூட, 7 பாகை குறைய, அதாவது 44, 30 பாகைத் தண்ணீரைக் காதுக்குள் விட்டு, கண் எவ்வளவு ஓடுகிறது என்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது. வியன்னாவில் காது கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து இதைக் கண்டுபிடித்த ரொபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொள்கிறவர்கள்கூட காதுக்குள் இந்தச் சொட்டுத் தண்ணிக்குச் சத்தி எடுத்துவிடுகிறார்கள். எங்களிடம் மாதத்தில் ஓரிருவருக்குத்தான் தேவைப்படுகிறது.

வரப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பார்மசியில் வாங்கிய சினரிசின் போன்ற தலைச்சுற்றுக் குளிசைகள் கண் ஓட்டத்தை மழுங்கடிக்கும். சாதாரணமாக இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம், டொக்டரிடம் கேட்டுவிட்டு. பிரஷர், சீனிக் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இன்றும் பயம் தருவது. படுத்தால், எழுந்தால் வந்து போகும் சுற்று வேறு; மணிக்கணக்காக விடாமல் சுற்றுவது வேறு. விடாமல் சுற்றுகிறவரை என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று கொஞ்சம் திருப்பினால், காது நரம்பு கெட்டிருந்தால் கண் பின்தங்கிப் பிறகு தாவிப் பிடிக்கும். தாவாமல் கண் ஒட்டிக்கொண்டே நின்றால் சந்தோஷப்படக் கூடாது, பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். பார்க்கும் பக்கமெல்லாம் நிஸ்டாக்மஸும் திசை மாறினால் இன்னும் மோசம். சீனி வருத்தமுள்ள ஒரு ஐயாவுக்கு இரண்டும் இருந்தன. கண்ணாடியைக் கையில் எடுக்கவே இல்லை, ஓட்டோவைக் கூப்பிட்டோம்.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. உப்புக் காற்றும் வியர்வையும் பட்டு முகத்தில் ஒட்டும் பஞ்சு வருடத்துக்குள் வெடித்து, ஓரத்தால் வெளிச்சம் கசிந்தது. இருட்டுப் போனால் கருவியே போன மாதிரி. கேபிள் ஒருமுறை அறுந்தது. விற்ற கொம்பனி ஆள் கொழும்பிலிருந்து "நாளைக்கு, நாளைக்கு" என்றே ஏழு கிழமை கடத்தினார். மேலதிகக் கேபிளையும் பஞ்சையும் வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.

திரும்ப வாங்குவேனா? கமராக் கண்ணாடியை, கட்டாயம். வெந்நீர், குளிர்நீர் டெஸ்டுக்கான தண்ணீர் இயந்திரத்தை வாங்கமாட்டேன். அந்தக் காசைக் கட்டிலில் போட்டிருப்பேன். எங்கள் பழைய கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டியிருந்ததால், முதல் ஆறு மாதம் ஆட்களைக் கால்மாட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்க வைத்தோம். கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு, தலைமாட்டுச் சட்டத்தை அறுத்துவிட்டு, கட்டிலை அறைக்கு நடுவே இழுத்துப் போட்டேன்.