கண்ணை மூடிக் கேட்டால் 1989தான்: ஃபேன்டம் ரெஜிமென்டின் ஒலிப்பதிவுகள்

அமெரிக்க டிரம் கோர் இசைக்குழுவான ஃபேன்டம் ரெஜிமென்ட் இசைத்தவற்றில் எது தலைசிறந்தது என்று டிரம் கோர் ரசிகர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் 2008ஆம் ஆண்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டின் ‘ஸ்பார்டகஸ்’ நிகழ்ச்சியைக் காணொளியில் பலமுறை பார்த்து மெய்சிலிர்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கேள்வி இசையைப் பற்றியது. ஆகவே டிரம் கோர் குழுக்களின் ஆண்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில் இக்குழு வாசித்த ஒலிப்பதிவுகளைப் படமே இல்லாமல், நல்ல ஹெட்ஃபோனில், ஆண்டு வரிசையில் கேட்டேன். கேட்டு முடித்தபோது என் மனம் 1989இல் நின்றுவிட்டது.

இக்குழு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ராக்ஃபோர்டு நகரில் 1956இல் தோன்றியது. டிரம் கோர் என்றால் அடிப்படையில் பித்தளை ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் கொடியேந்தி ஆடுவோரும்தான். வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ கிளாரினெட்டுக்கோ அங்கே இடமில்லை. இளைஞர்கள் அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க ஓடி நடந்தபடி, ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். ஃபேன்டம் ரெஜிமென்ட் இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு, முழு ஆர்கெஸ்ட்ராவுக்கென எழுதப்பட்ட ஐரோப்பியச் செவ்வியல் படைப்புகளைத் தன் பாதையாக வரித்துக்கொண்டது. வாக்னரும் சாய்கோவ்ஸ்கியும் ஷோஸ்டகோவிச்சும் அதன் மைதானத்துக்கு வந்தது அப்படித்தான்.

1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதிப்போட்டியில் இக்குழு தொடர்ந்து இரண்டாம் இடமே பெற்றது. அந்தப் பதிவுகளில் ஒலித்தரம் குறைவு, மேல்சுரங்களில் கரகரப்பும் உண்டு. ஆயினும் பித்தளைக் குழாய்களால் ஆர்கெஸ்ட்ராவின் மூச்சைப் பிடிக்க முடியும் என்ற துணிவு அங்கேயே கேட்கிறது. ஆர்வமுள்ளவர்கள் கேட்கலாம். புதியவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

இனி 1989. கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் வெண்ணிற உடையில் இறங்கிய குழு, இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியை, அதாவது 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘புதிய உலகத்திலிருந்து’ என்னும் படைப்பை வாசித்தது. பட்டம் சான்டா கிளாரா வேன்கார்டு குழுவுக்குச் சென்றது. ஃபேன்டம் ரெஜிமென்டுக்கு மறுபடியும் இரண்டாம் இடம். தோற்ற ஆண்டை எப்படிச் சிறந்தது என்று சொல்வது எனக் கேட்பவர்களுக்கு, அன்று அவர்கள் கையில் இருந்த கருவியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் எல்லா ஊதுகருவிகளும் ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்னும் பித்தளைக் குழல்களே. சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வுகள் அவற்றில் இரண்டுதான். மூன்று வால்வு கொண்ட கருவிக்கு 1990இல்தான் அனுமதி கிடைத்தது. எந்தச் சுருதியிலும் அமைந்த கருவிகளைப் பயன்படுத்தலாம் என்ற விதி 2000இல் வந்தது. இரண்டே வால்வுகளில் சில தாழ்ந்த சுரங்கள் கருவியிலேயே கிடையாது. வேறு சில, வாசிப்பவரின் உதடும் காதும் சேர்ந்து இழுத்துப் பிடித்தால்தான் சுருதியில் நிற்கும். இப்படிப்பட்ட கருவிகளோடு ஒரு சிம்பொனியை வாசிப்பது என்பது, சில படிகள் இல்லாத ஏணியில் சுமையோடு ஏறுவதைப் போன்றது. பதிவைக் கேட்கும்போது அந்த இல்லாத படிகள் எங்கே என்று எனக்குத் தெரியவே இல்லை.

குறைபாடாகத் தோன்றும் அந்த ஒரே சுருதி, ஒரு கொடையையும் தந்தது. மிக உயர்ந்த ஒலி தரும் சோப்ரானோ முதல் மிகத் தாழ்ந்த ஒலி தரும் கான்ட்ராபேஸ் வரை எல்லாம் ஒரே குடும்பம் என்பதால், முழுக் குழுவும் சேர்ந்து எழும் இடங்களில் ஒலி தனித்தனிக் கருவிகளாகப் பிரியாமல் ஒரே சுவராக வந்து நிற்கிறது. பிந்தைய ஆண்டுகளின் பதிவுகள் இதைவிடத் துல்லியமானவை. சுருதிச் சுத்தத்தில் அவற்றுக்கே முதலிடம் தருவேன். ஆனால் அந்தச் சுவரை நான் அவற்றில் கேட்கவில்லை.

தாளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். த்வோர்ஷாக்கின் மூலத்தில் தாளக்கருவிகளுக்கு வேலை மிகக் குறைவு: டிம்பனி உண்டு, மூன்றாம் பகுதியில் டிரையாங்கிள் உண்டு, சிம்பல் முழுப் படைப்பிலும் ஒரே ஒரு முறை, அதுவும் மெல்லத்தான் ஒலிக்கும். அப்படிப்பட்ட படைப்புக்கு ஸ்னேர், டெனார், பேஸ் டிரம் என ஒரு தாளப் படையே வாசிக்க வேண்டுமென்றால், அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக எழுதியாக வேண்டும். கொஞ்சம் கூடினாலும் மெட்டு நசுங்கிப்போகும். 1989இன் தாளக்காரர்கள் மெட்டின் மேல் ஏறவில்லை. அதற்குக் கீழே தரையாகிக் கிடந்தார்கள். இந்த அடக்கம்தான் என் தீர்ப்பின் முதல் காரணம். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள், மெட்டை விட்டுவிட்டு ஒருமுறை ஸ்னேரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

1996இல் ஷோஸ்டகோவிச்சின் இசையோடு ஆர்லாண்டோவில் இறங்கி, ப்ளூ டெவில்ஸ் குழுவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டபோது, குழு தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதிவு கூர்மையானது, கோபமானது. அதன் பதற்றத்தை மதிக்கிறேன், ஆனால் அடிக்கடி எடுத்துக் கேட்பதில்லை.

2008க்கு வருவோம். ரோமில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவனின் கதையைச் சொல்லும் காச்சதூரியனின் ‘ஸ்பார்டகஸ்’ பாலே லெனின்கிராடில் அரங்கேறியதும் 1956இல்தான். குழுவுக்கும் படைப்புக்கும் ஒரே வயது. 1981, 1982 ஆண்டுகளிலேயே இந்த இசையைக் கையாண்டிருந்த குழு, 2008இல் அதை முழு நாடகமாக்கி, புளூமிங்டனில் நடந்த இறுதிப்போட்டியில் 98.125 புள்ளிகள் பெற்று, 98.100 பெற்ற ப்ளூ டெவில்ஸை முந்தியது. இடைவெளி 0.025 மட்டுமே. அடிமைகள் ஒவ்வொருவராக “நானே ஸ்பார்டகஸ்” என்று ஆங்கிலத்தில் முழங்கும் இடத்தில், கேட்பவருக்கும் தொண்டை அடைக்கும்.

இசையாக மட்டும் கேட்டாலும் இது பெரிய சாதனைதான். மைதான ஓரத்தில் வைத்துத் தட்டி வாசிக்கும் மரிம்பா, சைலபோன் போன்ற கட்டைக் கருவிகளுக்கு ஒலிபெருக்கி வைக்க 2004 முதலே அனுமதி இருந்தது, ஆனால் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிக்கு 2009இல்தான் கதவு திறந்தது. ஆகவே 2008இன் பதிவில் நெஞ்சை அதிரவைக்கும் அடிக்குரல் ஒவ்வொன்றும் மனித மூச்சால் டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழலில் பிறந்தது. தாளப்பிரிவு 1989ஐவிடப் பல மடங்கு சிக்கலானது, சுத்தமும் கூடுதல்.

அப்படியானால் என் வரிசையில் 2008க்கு ஏன் இரண்டாம் இடம்? நாடகம் கேட்கும் இடத்தில் இசை வெட்டுப்படுகிறது. மெட்டு மலரத் தொடங்கும் வேளையில் ஒரு முழக்கமோ ஒரு மௌனமோ வந்து நிற்கிறது. மைதானத்தில் அந்த வெட்டுக்குப் பொருள் இருக்கிறது, ஒலிப்பதிவில் அது இடைவெளியாகவே கேட்கிறது. புள்ளிகளைச் சான்றாகக் காட்டுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு புள்ளிகளில் இசைக்கென்று தனியே ஒதுக்கப்படுவது முப்பது. இன்னொரு முப்பது காட்சிக்கு, மீதி நாற்பது இரண்டும் சேர்ந்து எழுப்பும் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு. 2008இன் பட்டம் முழுவதும் நியாயமானது. ஆனால் சிறந்த இசை எது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: படத்தோடு ஒன்று வேண்டுமென்றால் 2008, ஒலி மட்டும் என்றால் 1989. 1989இன் பதிவில் மெல்லிய பகுதிகளுக்கும் உச்சங்களுக்கும் இடையே வேறுபாடு மிக அதிகம் என்பதால், தொடக்கத்தில் ஒலியளவைக் கூட்டிவைத்தால் உச்சம் வரும்போது காது வலிக்கும். குறைத்து வைத்தே தொடங்குங்கள். கூடவே, வாக்னரின் ‘லோஹென்கிரின்’ ஓபராவிலிருந்து இக்குழு தன் அடையாளமாகவே வைத்திருக்கும் ‘எல்சாவின் ஊர்வலம்’ எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு வெளியே, வளைவாக நின்று, எங்கும் ஓடாமல், தங்களுக்காகவும் தங்களுக்கு முன்னால் வாசித்துச் சென்றவர்களுக்காகவும் அவர்கள் வாசிப்பது அது. நான் அதை எப்போதும் 1989க்குப் பிறகே கேட்கிறேன்.