விழாத ஸ்டார்ட்டரை நம்பி ஏமாந்தோம்: மோட்டார் வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய மாதம், எங்கள் மசாலா அரவைக் கூடத்தின் மோட்டாருக்குப் புதிய பாதுகாப்புப் பெட்டி பொருத்துவதற்காக ஒரு மின்பணிக் குத்தகையாளருக்கு 1,850 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தோம். பெட்டி பொருத்திய 11ஆம் நாள், போன மின்சாரம் திரும்பியதும், யாரும் எந்தப் பொத்தானையும் தொடாமலே அரவை இயந்திரம் தானாகச் சுழலத் தொடங்கியது. மூடியைத் திறந்துவைத்துச் சல்லடையைக் கழற்றிக்கொண்டிருந்த எங்கள் ஊழியர், தண்ணீர் குடிப்பதற்காக அப்போதுதான் கையை வெளியே எடுத்திருந்தார். 23ஆம் நாள் மோட்டார் எரிந்துபோனது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, என்ன இல்லாமல் இருந்தது என்பதை அறிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதை மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதித் தொழிற்பேட்டை ஒன்றில் நானும் என் மைத்துனரும் இந்தக் கூடத்தை நடத்துகிறோம். தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் உள்ள சில உணவகங்களுக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்பொடி ஆகியவற்றை அரைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. இயந்திரம் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது. மோட்டார் 7.5 குதிரைத்திறன், அதாவது 5.5 கிலோவாட். அதன் தகட்டில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 11 ஆம்பியர் என்று பொறித்திருக்கும். இங்குள்ள மும்முனை மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் சிக்கல் ஏதும் இருந்ததில்லை. அந்த 11 ஆம்பியர் என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டாரை இயக்கவும் நிறுத்தவும் இயந்திரத்துடன் வந்த பழைய ஸ்டார்ட்டர் பெட்டி ஆகஸ்ட் மாதம் முதல் நாளுக்கு மூன்று, நான்கு முறை விழத் தொடங்கியது. அரைத்துக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள ஓவர்லோடு ரிலே விழுந்து, அதாவது இணைப்பைத் துண்டித்து, மோட்டார் நின்றுவிடும். ஐந்து நிமிடம் காத்திருந்து பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடும். ஓவர்லோடு ரிலே என்பது மாயப் பொருள் அன்று. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் மூன்று சிறிய ஈருலோகப் பட்டைகளைச் சூடாக்கிக்கொண்டே போகிறது. மோட்டார் தன் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் பட்டை வளைந்து ஒரு தொடர்பைத் துண்டிக்கிறது, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான காண்டாக்டர் விட்டுவிடுகிறது, மோட்டார் நிற்கிறது. பட்டை ஆறி நிமிர்வதற்கே அந்த ஐந்து நிமிடம். சரியாக ஆறாத வறுத்த மல்லியை அவசரத்தில் கொட்டியதால் சல்லடை அடைத்துக்கொண்டதும், ஒரு பேரிங் தேய்ந்திருந்ததும்தான் ரிலே விழுந்ததற்கான உண்மைக் காரணங்கள் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டார்ட்டர் தொல்லை கொடுக்கிறது என்பது மட்டுமே.

தெரிந்தவர் ஒருவர் வழியாக அந்தக் குத்தகையாளர் வந்தார். பேச்சைத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் அவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பது தெரிந்தது. நான் ஏமாந்ததில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். “அண்ணே, இது பழைய மாடல், இனிமே நிக்காது. நான் புதுப் பெட்டி போட்டுத் தர்றேன், ஒரு தடவைகூட விழாது” என்றார். மறுநாள் எழுத்தில் விலைப்பட்டியலும் அனுப்பினார். அதில் காண்டாக்டர், மோட்டாருக்கு ஏற்ற ஓவர்லோடு ரிலே, ஒரு ஃபேஸ் (மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை) போனால் நிறுத்தும் ரிலே, மின்னழுத்தம் குறைந்தாலோ அற்றுப்போனாலோ விடுவிக்கும் அமைப்பு, மின்னோட்டம் மிகுந்தால் தானாகத் துண்டிக்கும் புதிய எம்.சி.பி. சுவிட்ச், பொருத்தும் கூலி ஆகிய அனைத்தும் தனித்தனி வரிகளாக இருந்தன. அந்தப் பட்டியலைப் பாதுகாத்து வைத்திருந்ததுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

பெட்டி பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. சாம்பல் நிற உறை, மூன்று ஃபேஸ்களுக்கும் மூன்று விளக்குகள், கண்ணாடிக்குள் பச்சையாக ஒளிரும் ஒரு ரிலே. பழைய பச்சை, சிவப்புப் பொத்தான்களுக்குப் பதிலாக, திருப்பினால் ஓடும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும் ஒரு திருகு சுவிட்சை வைத்திருந்தார். அவர் சொன்னபடியே அது ஒரு முறைகூட விழவில்லை. பத்து நாட்கள் நாங்கள் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்துவிட்டு நோய் குணமானதாகச் சொல்லிச் சென்றவரை நாங்களே மூன்று கடைகளுக்குப் பரிந்துரையும் செய்தோம். அந்த மூவரையும் பின்னர் நேரில் சென்று எச்சரித்தேன்.

11ஆம் நாள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய குளிர்பெட்டி ஒன்றில் ஏற்பட்ட மின்கசிவால் கூடத்தின் முதன்மை இணைப்பு விழுந்து எல்லாம் இருண்டது. இயந்திரம் நின்றிருக்கும் நேரத்தில் சல்லடையைச் சுத்தம் செய்துவிடலாம் என்று ஊழியர் மூடியைத் திறந்தார். திருகு சுவிட்ச் ஓடும் நிலையிலேயே இருந்ததை அவர் கவனிக்கவில்லை. முன்பக்கத்தில் இருந்த என் மைத்துனர் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு முதன்மை சுவிட்சை மேலே தள்ளினார். அந்தக் கணமே அரவை இயந்திரம் முழு வேகத்தில் சுழன்றது. இயந்திரத்தைத் திறக்கும் முன் அதன் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும் என்ற ஒழுங்கை எங்கள் கூடத்தில் கடைப்பிடிக்காதது எங்கள் தவறுதான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அப்படித் தவறும் மனிதர்களைக் காப்பதற்காகவே, மின்சாரம் போனால் விடுவிக்கும் அமைப்பு என்ற ஒன்று இருக்கிறது.

பழைய பொத்தான் முறையில் அது மிக எளிமையாக நடக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் காண்டாக்டருக்குள் இருக்கும் காந்தச் சுருளான காயிலுக்கு மின்சாரம் சென்று அது மூடிக்கொள்கிறது. கையை எடுத்த பின்னும், காண்டாக்டரின் பக்கவாட்டில் 13, 14 என்று எண்ணிட்ட சிறு தொடர்பு வழியாக அது தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. மின்னழுத்தம் இயல்பான அளவில் 75 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இடையே இறங்கும்போது காயிலின் பிடி தளர்ந்து, அந்தச் சிறு தொடர்பும் திறந்துவிடுகிறது. பிறகு மின்சாரம் திரும்பினாலும் காயிலுக்குச் செல்ல வழியில்லை. யாராவது வந்து பச்சைப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். திருகு சுவிட்ச் வைத்தால் அந்த வழி திறந்தே கிடக்கிறது. ஒரு பொத்தானுக்கும் ஒரு திருகுக்கும் இடையில் ஒரு மனிதரின் விரல்கள் இருக்கின்றன என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

குத்தகையாளரை அழைத்துக் கேட்டபோது, “அது ஆட்டோ மாடல் அண்ணே, கரண்ட் வந்தா தானா எடுத்துக்கும், உங்களுக்கு வசதிதானே” என்றார். ஊரில் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைப்பது உண்டு. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானே எடுத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால், விவசாயி எழுந்து வரப்பில் நடக்க வேண்டியதில்லை. என் தந்தையும் அப்படி ஒன்று வைத்திருந்தார். கிணற்றுக்குள் யாரும் கையை விட்டுக்கொண்டிருப்பதில்லை என்பதால் அங்கே அது வசதி. சுத்தியல் தகடுகள் சுழலும் அரவை இயந்திரத்தில் அதே வசதி கொலைக்கருவியாகிவிடும். சிங்கப்பூரில் மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்பவர்கள், 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல பகுதிகளில் ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் தடைபட்டு, 38 நிமிடங்களில் படிப்படியாகத் திரும்பியதை நினைத்துப் பார்க்கலாம். எங்களுக்கோ ஒரு பழைய குளிர்பெட்டியே போதுமானதாக இருந்தது.

அன்றே பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தீபாவளி அவசரத்தில், சுவிட்சை அணைத்துவிட்டு வேலை செய்யும்படி ஊழியர்களிடம் சொல்லிவிட்டு விட்டுவிட்டோம். 23ஆம் நாள் காலை, மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது மோட்டார் முனகத் தொடங்கியது. மிளகாய் நெடியில் எரியும் வார்னிஷ் வாடை யாருக்கும் தெரியவில்லை. புகை வந்த பிறகே நிறுத்தினார்கள்.

காயில் கட்டும் பட்டறையில் மோட்டாரைப் பிரித்ததும், அங்கிருந்த முதியவர் ஒரு பார்வையிலேயே “ஒரு ஃபேஸ் இல்லாம ஓடியிருக்கு, தம்பி” என்றார். நான்கு இடங்களில் சம இடைவெளியில் காயில்கள் கரியாகியிருந்தன. இடையில் இருந்தவை புதிதுபோல் மின்னின. எங்கள் மோட்டார், உள்ளே மூன்று கம்பிச் சுற்றுகளும் முக்கோணமாக இணைந்த டெல்டா இணைப்பில் ஓடுவது. மூன்று ஃபேஸ்களில் ஒன்று அறுந்து, அதே பாரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், மீதி இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகிறது, 11 ஆம்பியர் 19 ஆகிறது. உள்ளே இருக்கும் மூன்று சுற்றுகளில் ஒன்று மட்டும் தன் இயல்பைப் போல் இரு மடங்கைச் சுமக்கிறது. அந்த ஒரு சுற்றுதான் கருகும். மூன்று சுற்றுகளும் ஒரே புள்ளியில் சேரும் ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு சுற்றுகள் கருகி ஒன்று பிழைத்திருக்கும் என்றும் அவர் விளக்கினார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான், ஏனென்றால் ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் ரிலேக்கு நாங்கள் தனியாக 260 வெள்ளி கொடுத்திருந்தோம். அது அந்தக் காலையிலும் விளக்கெரிய நின்றிருந்தது.

பிறகு உரிமம் பெற்ற மின் ஊழியர் ஒருவரை அழைத்துப் பெட்டியைத் திறந்தோம். ஃபேஸ் ரிலேக்கு மின்சாரம் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. ஃபேஸ் போனதைக் கண்டதும் காண்டாக்டரை விடுவிக்க வேண்டிய அதன் தொடர்பு முனைகளில் ஒரு கம்பிகூட இணைக்கப்படவில்லை. அது வெறும் அலங்கார விளக்கு. ஓவர்லோடு ரிலே 17 முதல் 25 ஆம்பியர் வரையிலான வகை; அதன் திருகு 25இல் நின்றது. எங்கள் மோட்டாரின் 11 ஆம்பியருக்கு அதைக் குறைத்து வைக்கவே முடியாது. அதுவும் போதாதென்று, ரிலே விழும்போது திறக்க வேண்டிய 95, 96 முனைகளை ஒரு விரற்கடைக் கம்பியால் நேராக இணைத்திருந்தார். ரிலே விழுந்தாலும் மோட்டார் நிற்காது. மின்னழுத்தம் குறைந்தால் விடுவிக்கும் அமைப்பு என்று பட்டியலில் இருந்த வரிக்குப் பெட்டிக்குள் எந்தப் பொருளும் இல்லை. மிச்சம் இருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றுதான். அது கம்பி தீப்பிடிக்காமல் காப்பதற்காக இருப்பது. 19 ஆம்பியரில் மோட்டார் கருகுவதை அது கண்டுகொள்ளவே செய்யாது. ஃபேஸ் அறுந்ததற்குக் காரணம்கூட அவர் சரியாக முடுக்காமல் விட்டிருந்த ஒரு முனைதான்.

அட்டையில் அவர் அச்சிட்டிருந்த உரிம எண்ணை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத் தேடலில் பார்த்தபோது வேறொருவரின் பெயர் வந்தது. வேலை தொடங்கும் முன் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை அது. இங்கே 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரையிலான பணிகளுக்கு எலக்ட்ரீஷியன் உரிமம் போதும். எங்கள் கூடம் அதற்குள் அடங்குவதே. அந்த அடிப்படை உரிமம்கூட அவருக்கு இல்லை. அதைப் பற்றி ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறோம். பணத்துக்காகச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடினோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது என்பதால் நாமே பேச வேண்டும். விலைப்பட்டியல், பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்கள், மின் ஊழியர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகிய மூன்றையும் வைத்ததும், முதற்கட்டக் கலந்தாய்விலேயே 1,850 வெள்ளியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். காயில் கட்டிய 620 வெள்ளியும், தீபாவளிக்கு முந்தைய நான்கு நாள் வியாபாரமும் எங்கள் கணக்கில் போனவை. அவர் பெயரை எழுதச் சொல்லிச் சிலர் வற்புறுத்துகிறார்கள். புகார் ஆணையத்தின் கையில் இருக்கும்போது அது முறையாகாது.

உங்கள் கூடத்தில் யாராவது மோட்டாருக்குப் பெட்டி பொருத்தினால், பணம் கொடுக்கும் முன் உரிமம் பெற்றவரை வைத்துக்கொண்டு சிலவற்றை உங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். ரிலேயின் திருகு மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக வைத்த ரிலே 1.05 மடங்கு மின்னோட்டத்தில் விழாது, 1.2 மடங்கானால் இரண்டு மணி நேரத்துக்குள் விழும். மோட்டார் இறுகி நின்று 7.2 மடங்கு இழுத்தால், ‘கிளாஸ் 10’ என்ற வேக வகையைச் சேர்ந்த ரிலே 10 நொடிக்குள் விழுந்துவிடும். ரிலேயில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஓடும் மோட்டார் நிற்க வேண்டும். அந்தக் குத்தகையாளர் பொருத்திய பெட்டியில் இதை ஒரு முறை செய்திருந்தாலே அந்த விரற்கடைக் கம்பி வெளிப்பட்டிருக்கும். மோட்டார் ஓடும்போது முதன்மை மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு ஃபேஸை மட்டும் எடுத்துவிட்டுப் பார்ப்பதை உரிமம் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டும். தயவுசெய்து நீங்களாக முயலாதீர்கள். ரிலே தானாக மீளும் நிலையில் இருக்கிறதா, கையால் மீட்கும் நிலையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அரவை, வெட்டு, பிசைவு இயந்திரங்களுக்குக் கையால் மீட்பதே ஏற்றது.

இப்போது எங்கள் சுவரில் இருக்கும் பெட்டியில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் திரும்ப வந்துவிட்டன. ரிலே 9 முதல் 13 ஆம்பியர் வகை, திருகு 11இல் இருக்கிறது. பேரிங்கையும் மாற்றிவிட்டோம். சென்ற வாரம் மல்லி அரைக்கும்போது ஒரு முறை விழுந்தது. ஊழியர் ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டிவிட்டுச் சல்லடையைக் கழற்றித் தட்டினார், பட்டை ஆறும் வரை தேநீர் குடித்தார், பிறகு மூடியைப் பூட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.