ஈடேலில் இறங்கியதும் எந்தப் பக்கம்? மாம் டோரா, கிண்டரா

மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகும் சாதாரண ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஈடேல் வந்துவிடும். கௌபர்ன் சுரங்கத்தின் இருட்டு முடிந்த கையோடு பச்சைப் பள்ளத்தாக்கு விரியும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் சின்ன ஊர், ஆளில்லாத ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் நின்றால் தெற்கே மாம் டோர் முகடு, வடக்கே கிண்டர் ஸ்கௌட்டின் நீண்ட விளிம்பு. இங்கே நடக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள்.

எதற்குப் போகலாம் என்று கேட்கும் நண்பர்கள் முதலில் விசாரிப்பது தூரத்தை. நான் முதலில் பார்ப்பது மேகத்தை. வடக்கே கிண்டரின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் கிண்டர். விளிம்பை மேகம் மூடியிருந்தால் மாம் டோர்.

உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. மாம் டோர் 517 மீட்டர், கிண்டர் 636 மீட்டர். ஆனால் மலையின் வடிவம் வேறு. மாம் டோரிலிருந்து லூஸ் ஹில் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் முகடு ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் சரிவு. கண் தெரியாத மூடுபனியிலும் கால் அதை விட்டு விலகாது, வழியெல்லாம் கல் பாவியிருக்கிறது. கிண்டருக்கு உச்சி என்று ஒன்று கிடையாது. மேலே ஏறினால் மேசை போலப் பரந்த சதுப்புப் பீடபூமி. அங்கே மேகம் இறங்கிவிட்டால் நாலு திசையும் ஒன்றுபோல் இருக்கும்.

ஒரு முறை எனக்கு அது நடந்தது. அக்டோபர் மாதம், விளிம்புப் பாதையை விட்டு இருநூறு மீட்டர் உள்ளே போயிருப்பேன். அரைகுறையாக மக்கிய செடிகளால் ஆன கரிய பீட் மண்ணை மழைநீர் அறுத்துச் சென்ற பள்ளங்கள் அங்கே எக்கச்சக்கம், உள்ளூர்க்காரர்கள் ‘கிரஃப்’ என்பார்கள். சிலவற்றுக்குள் இறங்கினால் ஆள் மறைந்துவிடும். மேகம் வந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன், அடுத்ததில் இறங்கி ஏறினேன், அதற்குள் எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. போனில் சிக்னல் இல்லை. திசைகாட்டியை எடுத்து, தெற்கே மட்டும் நடந்தால் என்றாவது விளிம்பு வரும் என்று நம்பி நடந்தேன். வந்தது. அந்த அரை மணி நேரத்தில் பட்ட பயத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் மேகத்தை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, மாம் டோரை எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷனிலிருந்து வயல் வழியாக ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏற ஒரு மணி நேரம் போதும். இந்த ஏற்றத்தை வெறும் புல்வெளி என்று கடந்துவிடாதீர்கள். ஈடேலில் தேவாலயம் எழுவதற்கு முன் இறந்தவர்களின் சவப்பெட்டியை இந்த வழியாகத்தான் மலைக்கு அந்தப்புறம் சுமந்து சென்றார்கள். பிற்பாடு ஈடேலில் பருத்தி ஆலை வந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காசில்டன் ஊரிலிருந்து வேலையாட்கள் இதே கணவாயை ஏறி இறங்கி வேலைக்கு வந்தார்கள்.

மாம் டோர் என்றால் தாய்க் குன்று என்று பொருள் சொல்கிறார்கள். உச்சியைச் சுற்றி வெண்கலக் கால இறுதியில் எழுப்பிய மண்கோட்டையின் மேடு இன்னும் தெரிகிறது. ஆனால் நான் நண்பர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவது கிழக்குச் சரிவை. களிப்பாறையும் மணற்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலை இது. தண்ணீர் இறங்கினால் களிப்பாறை இளகும், மேலே இருக்கும் பாறை நழுவும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நழுவிக்கொண்டே இருப்பதால் ‘நடுங்கும் மலை’ என்று பெயர். இதன் அடிவாரத்தில் போட்ட நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்து, கடைசியில் 1979-ல் மூடிவிட்டார்கள். தார்ச்சாலை அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கும் அந்த இடத்தைக் குழந்தைகள் விட்டு நகர மாட்டார்கள்.

மாம் டோரின் குறை கூட்டம். உச்சிக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கிருந்து கல்படி ஏறினால் கால் மணியில் மேலே. ஞாயிறு மதியம் உச்சியில் படம் எடுக்க வரிசை நிற்கும். ஆனால் கிழக்கே ஹாலின்ஸ் கிராஸைத் தாண்டிவிட்டால் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள். பேக் டோர் என்ற செங்குத்தான சரிவைத் தாண்டி லூஸ் ஹில் போகும்போது காற்றும் செம்மறிகளும்தான் துணை. அங்கிருந்து திரும்பி வரவேண்டிய அவசியமும் இல்லை. ஹோப் கிராமத்துக்கு இறங்கினால் அதே ரயில் பாதையின் அடுத்த ஸ்டேஷன். வந்த வழியே திரும்பாத நடை எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் மாம் டோர்தான் மேல்.

இனி கிண்டர். ஒரே ஒரு நாள் மட்டும் கையில் இருந்து, வானமும் தெளிவாக இருந்தால், நான் யோசிக்காமல் வடக்கே திரும்புவேன். ஏற இரண்டு முக்கிய வழிகள். ஒன்று ஊருக்குப் பின்னாலிருந்தே தொடங்கும் கிரைண்ட்ஸ்புரூக் ஓடை வழி. மேலே போகப் போகப் பாதை பாறைகளாக உடைந்துவிடும், கடைசியில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மற்றொன்று மேற்கே அப்பர் பூத் பண்ணை வழியாகப் போய் ஏறும் ஜேக்கப்ஸ் லேடர் கல்படிகள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல், பொதிக்குதிரைகள் சுற்றுவழியில் வர, தான் நேராக ஏறப் படி வெட்டினாராம். பெயர் அவருடையது.

பலரும் ஜேக்கப்ஸ் லேடரில் ஏறி கிரைண்ட்ஸ்புரூக்கில் இறங்குகிறார்கள். நான் அதற்கு நேர் எதிர். ஈரப் பாறையில் ஏறுவது சுலபம், இறங்குவது முழங்காலுக்குத் தண்டனை. காலையில் தெம்பு இருக்கும்போது ஓடையில் ஏறி, விளிம்பை ஒட்டி மேற்கே நடந்து, மாலையில் படிகளில் இறங்குங்கள். எல்லாம் சேர்த்து சுமார் 13 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நடுவில் உல்பேக்ஸ் என்ற இடத்தில் காற்றும் பனியும் செதுக்கிய கரும்பாறைகள், மந்தை படுத்திருப்பது போலப் பரந்து கிடக்கும். மாம் டோரில் பார்க்க வேண்டியது தூரத்துக் காட்சி. கிண்டரில் பார்க்க வேண்டியது பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இன்னும் தெம்பு மிச்சமிருந்தால் மேற்கு விளிம்பில் கிண்டர் டவுன்ஃபால் அருவி வரை போய் வரலாம். முப்பது மீட்டர் உயரம். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விழுகிற தண்ணீர் அப்படியே மேலே திரும்பிப் பறக்கும்.

கிண்டர் மேல் எனக்குள்ள பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மேட்டுநிலம் ஒரு காலத்தில் பறவை வேட்டைக்கென்று பூட்டி வைத்திருந்த தனியார் நிலம். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு இளைஞர்கள் மேற்கே ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து தடையை மீறி ஏறினார்கள். மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளிப் பிள்ளைகள் அவர்களில் நிறைய. முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் இந்த மலைகள் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. 1965-ல், அதே ஏப்ரல் 24-ஆம் தேதி, ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகும் பென்னைன் வே நெடும்பாதையைத் திறந்தார்கள். ஜேக்கப்ஸ் லேடரில் கால் வைக்கும்போது நீங்கள் நடப்பதும் அந்தப் பாதையில்தான். முதலில் அது கிரைண்ட்ஸ்புரூக் வழியாகத்தான் போயிற்று. நடந்து நடந்து பீட் மண் கரைந்துபோனதால் இந்தப் பக்கம் மாற்றினார்கள்.

அந்த மண்ணைக் கெடுத்தது கால்கள் மட்டும் அல்ல. சுற்றிலும் இருந்த ஆலை நகரங்களின் புகை நூறாண்டுக்கு மேல் படிந்து, நீரைத் தேக்கும் பாசியைக் கொன்றது. இப்போது பள்ளங்களில் கல் அணை வைத்து, பாசியைக் கொத்துக் கொத்தாக நட்டு, நிலத்தை மீட்கிறார்கள். நடந்து போகிறவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கல்பாதை இருக்கும் இடத்தில் ஈரத்துக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கி நடக்காமல் இருப்பது.

வயதான அம்மா அப்பாவோ சின்னப் பிள்ளைகளோ கூட இருந்தால் இரண்டு மலையும் வேண்டாம். ஊரிலிருந்து அப்பர் பூத் வரை வயல் நடுவே போய், பார்பர் பூத் வழியாகத் திரும்புங்கள், ஆறு கிலோமீட்டர் சுமார். ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள் துள்ளும். கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் போனாலும் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்1 வரைபடத்தைக் காகிதமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டருக்கென்றால் திசைகாட்டியும். ரயில் மணிக்கு ஒன்றுதான் என்பதால் படிகளில் இறங்கத் தொடங்கும்போதே நேரத்தைப் பார்த்துவிடுங்கள். ஜேக்கப்ஸ் லேடரின் அடியிலிருந்து பிளாட்பாரம் வர எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.