யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2: விரிவாக்க வரைபடங்களை வாங்கலாமா?

செக் குடியரசைச் சேர்ந்த எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட இந்தக் கணினி விளையாட்டில், லாரியில் சரக்கை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டி, சேதமில்லாமல் கொண்டுபோய் இறக்குவதைத் தவிரப் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. எதிரியும் கிடையாது, துரத்தலும் கிடையாது. ஆனாலும் ஒருமுறை உட்கார்ந்தவரை எளிதில் எழவிடாமல் அது பிடித்து வைத்திருப்பதற்கு, தனியாகப் பணம் கொடுத்து வாங்கும் கூடுதல் வரைபடங்களாக அடுத்தடுத்து வந்த விரிவாக்கங்களால் நீண்டுகொண்டே போகும் சாலைகளே முதன்மைக் காரணம் என்பேன்.

வரைபடம் ஏறத்தாழ 1:19 என்ற அளவில் சுருக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் கடிகாரமும் அதே வேகத்தில் ஓடுவதால், பத்து மணி நேர ஓட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்த அரை மணிக்குள் வெளிச்சம் மங்கி, மழை பிடித்து, ஓட்டுநர் கொட்டாவி விட்டு, லாரிகள் நிறுத்துமிடத்தைத் தேட வேண்டிய நிலை வந்துவிடுவதால், உண்மையிலேயே ஒரு பகல் முழுக்க ஓட்டிய அலுப்பும் நிறைவும் நம்மைத் தொற்றிக்கொள்கின்றன. தூரம் கூடக்கூட இந்த மயக்கம் வலுப்படுகிறது. விரிவாக்கத்துக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான்.

எல்லா விரிவாக்கங்களும் ஒரே தரத்தில் இல்லை. 2013இல் வந்த கிழக்கு ஐரோப்பியப் பகுதி தொடக்ககால முயற்சி என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். 2015இல் வந்த ஸ்காண்டிநேவியாவில்தான் நிலமும் சாலையும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தன என்பது என் கருத்து. ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் கப்பலேறி ஸ்வீடனின் டிரெல்லெபோரியில் இறங்கி, நார்வேயின் பெர்கன் நோக்கிப் போகப்போகச் சாலை குறுகி, பாறையைக் குடைந்த சுரங்கங்களும் நீர்நிலையை ஒட்டிய வளைவுகளும் தொடங்கும்போது, முழுச் சுமையோடு இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், அதைத் தேயவிடாமல் வேகத்தைக் குறைக்கும் துணைக்கருவியான ரிட்டார்டரைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. 2018இன் பால்டிக் விரிவாக்கம் இதற்கு நேரெதிர்: தென் பின்லாந்தின் முடிவில்லாத காட்டுச் சாலையில் இரட்டை டிரெய்லரை இழுத்துச் செல்வதில் பரபரப்பு சிறிதும் இல்லை, எனக்குப் பிடித்தது அதுவே. 2017இன் இத்தாலியும் 2021இல் வந்த ஐபீரியாவும் (ஸ்பெயின், போர்ச்சுகல்) கண்ணுக்கு இன்னும் அழகு. (இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு, பிரான்சின் காலேயில் லாரியோடு ரயிலேறிப் பிரிட்டன் போய் இறங்கியதும் கைக்கு ஒரு நிதானம் வருவது தனிச் சுகம்.)

குறைகள் உண்டு. கப்பல் பயணம் என்பது கட்டணத்தைச் செலுத்தியதும் மறுகரையில் நிற்பதாக முடிந்துவிடுவது பெரிய ஏமாற்றம். பெருநகரங்கள் பலவும் சில தெருக்களாகச் சுருங்கிவிடுகின்றன. மற்ற வாகனங்கள் நெடுஞ்சாலையில் சேரும் இடங்களில் சற்றும் யோசிக்காமல் குறுக்கே நுழைகின்றன. கையில் பணமும் விரைவில் குவிந்துவிடுவதால், கடன் வாங்கி முதல் லாரியை வாங்கும் பதைப்பு நீடிப்பதில்லை.

ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் புரோமாட்ஸ் வரைபடம், ஐஸ்லாந்து வரை சாலைகளை நீட்டுகிறது. பரப்பில் அதற்கு ஈடில்லை. ஆனால் அதிகாரபூர்வ வரைபட விரிவாக்கங்களைக் கையில் வைத்திருந்தால்தான் அதை நிறுவ முடியும். மூல விளையாட்டு புதிய பதிப்புக்கு மாறினால், அதற்கேற்ற புரோமாட்ஸ் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய கணினி திணறவும் செய்யும். எனவே புதிதாகத் தொடங்குபவர் மூல விளையாட்டோடு ஸ்காண்டிநேவியாவை மட்டும் வாங்கினால் போதும். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் அடிக்கடி தள்ளுபடி வரும் என்பதால், அடுத்து பால்டிக்கையும் அதன் பிறகு ஐபீரியாவையும் நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.