தலைக்கு எண்ணெயா, ஷாம்பூவா, குளிசையா?

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்குத் தலை அரிக்கும். அம்மம்மாவிடம் அதற்கு ஒரே மருந்துதான்: சூடாக்கிய தேங்காய் எண்ணெய். தேய்த்த அன்று சுகமாக இருக்கும், செதிலும் தோளில் கொட்டாது. மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாக அரிக்கும்.

காரணம் பிறகுதான் விளங்கியது. பொடுகில் பெரும்பங்கு மலசீசியா என்ற பூஞ்சைக்கு. எல்லோர் தலையிலும் இருக்கிற பூஞ்சைதான் அது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று அது மிச்சம் விடுகிற கொழுப்பமிலம் சிலருடைய தோலை உறுத்தும், தோல் வேகமாக உரியும். அப்படிப்பட்ட தலையில் இரவு முழுக்க எண்ணெயை ஊறவிட்டால் பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரித்தான்.

ஆகவே பொடுகுக்கு என் வாக்கு ஷாம்பூவுக்கு. கடைகளில் கிடைக்கும் சிங்க் பைரித்தியோன் ஷாம்பூ இலேசான பொடுகுக்குப் போதும். சிவந்து, மஞ்சள் செதில் பிடித்திருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூ நல்லது. கிழமைக்கு இரண்டு தடவையாக 2 முதல் 4 கிழமை வரை போட்டு, பிறகு ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை போட்டால் திரும்ப வருவது குறையும். “போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை” என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்றுதான். நுரைத்ததும் கழுவினால் பலன் இல்லை. மயிரில் அல்ல, தோலில் படத் தேய்த்து 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும்.

சொரியாசிஸ் என்ற தோல் தடித்துச் செதிலாகும் நோய் என்றால் எண்ணெய் நண்பனாகிவிடும். வெள்ளி நிறத்தில் தடித்த செதில், மயிர் எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் வரும். சந்தேகமென்றால் முழங்கை, முழங்கால், நகத்தையும் பாருங்கள். இங்கே இரவில் எண்ணெய் வைத்தால் செதில் இளகும், அதன் பிறகுதான் சலிசிலிக் அமிலமோ தார் ஷாம்பூவோ உள்ளே இறங்கும். சித்த வைத்தியத்தில் கொடுக்கும் வெட்பாலைத் தைலத்தை இதற்குத் தேய்ப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பி வைத்தியர் தந்த ஸ்டீராய்டு லோஷனை நிறுத்த வேண்டாம். வேகமாகத் தணிப்பது அந்த லோஷன்தான். அதையும் சொன்ன நாளுக்கு மேல் பூசக்கூடாது, தோல் மெலியும். சீப்பால் செதிலைப் பெயர்க்காதீர்கள், காயம் பட்ட இடத்திலேயே புதிதாகக் கிளம்பும். அப்புறம், இது தொற்றாது. சலூனில் இவர்களைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

என்னை இதை எழுத வைத்தது சின்னப் பிள்ளைகளின் தலைப்படை, அதாவது பொடுகுப் பூஞ்சையல்லாத வேறொரு பூஞ்சையின் தொற்று. வட்டமாக மயிர் கொட்டி, நடுவில் ஒடிந்த மயிர் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இதில் எண்ணெயும் தோற்கும், ஷாம்பூவும் தோற்கும். பூஞ்சை மயிருக்குள்ளும் வேருக்குள்ளும் இருப்பதால் பூசுவது அங்கே எட்டாது. குளிசைதான் வேண்டும்: கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினஃபின். கிரிசியோஃபல்வின் என்றால் பெரும்பாலும் 6 முதல் 8 கிழமை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உடலில் சேரும். கீட்டோகோனசோல் ஷாம்பூ இங்கே துணைக்கு மட்டும், மற்றப் பிள்ளைகளுக்குப் பரவுவதைக் குறைக்க.

களுவாஞ்சிகுடியில் தங்கச்சியின் மகனுக்கு இது வந்தபோது, யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் கிரீம் ஒன்றைப் பூசினார்கள். சிவப்பு அடங்கியது, ஆறிவிட்டதென்று நினைத்தோம். ஒரு மாதத்தில் படை இரண்டு மடங்காகிவிட்டது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கியதில் பூஞ்சைக்குத்தான் வசதி. சில பிள்ளைகளுக்குத் தலையில் சீழ்க்கட்டி போல மெத்தென்று வீங்கும். அதைக் கீறச் சொல்லாதீர்கள், உடனே காட்டுங்கள். பிந்தினால் தழும்பாகி அந்த இடத்தில் மயிர் முளைக்காமலே போகலாம். பூனையிடமிருந்தும் இது தொற்றலாம், வீட்டுப் பூனைக்குட்டிக்கு எங்காவது மயிர் கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது. அங்கே கூட்டிப்போகிற நாளில் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். செதிலையும் ஒடிந்த மயிரையும் சுரண்டி எடுத்துத்தான் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.