வெறுங்காலா, மெல்லிய காலணியா? நீலகிரிச் சாலைகளில் ஓடிப் பார்த்த அனுபவம்

குன்னூரில் வசிப்பவன் என்பதால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரி சாலை ஆகிய பகுதிகளில்தான் என் ஓட்டம் பெரும்பாலும் நடக்கிறது. சில ஆண்டுகளாக வெறுங்காலிலும், ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான சோல் கொண்ட, குதிகால் உயர்த்தப்படாத மெல்லிய காலணியிலும் மாறி மாறி ஓடி வருகிறேன். மெல்லிய காலணி என்பது வெறுங்கால் ஓட்டத்தின் சற்றுப் பாதுகாப்பான வடிவம், ஆகவே முதலில் அதில் பழகிவிட்டுப் பிறகு காலணியைக் கழற்றலாம் என்று பலர் அறிவுரை கூறுவதுண்டு. என் அனுபவத்தில் அந்த வரிசை தலைகீழானது. புதிதாகத் தொடங்குபவருக்கு வெறுங்காலைவிட மெல்லிய காலணியே அதிக ஆபத்து.

வெறுங்காலில் ஓடுபவர் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதைப் பாதத்தின் தோலே முடிவு செய்துவிடுகிறது. கெண்டைக்கால் தசை களைப்பதற்கு வெகு முன்பே, கட்டைவிரலின் அடிமேட்டில் தோல் சுடத் தொடங்கும். அதற்குமேல் ஓட மனம் வராது, நடந்தே வீடு திரும்ப வேண்டியதுதான். மெல்லிய காலணியை அணிந்தால் அந்தச் சூடு தெரிவதில்லை. ஆனால் மெத்தை எதுவும் இல்லாததால் குதிநாணும் முன்பாத எலும்புகளும் ஏறத்தாழ அதே சுமையைத்தான் தாங்குகின்றன. தோல் இரண்டு வாரத்தில் தடித்துவிடும். எலும்பு வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த மெல்லிய காலணிக்குப் பத்து வாரங்களில் படிப்படியாக மாறிய ஓட்டக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் நீர்கோத்த வீக்கம் அதிகரித்திருந்தது. அவர்கள் புதியவர்கள் அல்லர், ஓடிப் பழகியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் வெறுங்கால் ஓட்டத்துக்குக் கொடி பிடிப்பவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேனும் அவரது குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள் என்பதும், அப்படி ஊன்றும்போது, காலணி அணிந்து குதிகாலை ஊன்றுபவர்களைவிடத் தரையின் மோதல் விசை குறைகிறது என்பதும்தான் அதன் செய்தி. மோதல் குறைந்தால் காயமும் குறையும் என்பது அந்த ஆய்வு நிறுவிய முடிவன்று. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றதைச் சொல்பவர்கள், 1964இல் டோக்கியோவில் காலணியுடன் ஓடி, அதைவிடச் சுமார் மூன்று நிமிடம் குறைவான நேரத்தில் வென்றதைச் சொல்வதில்லை.

சமவெளியில் எழுதப்படும் அனுபவக் குறிப்புகள் மலைக்கு அப்படியே பொருந்தாததற்கு முதற்காரணம் சரிவு. ஏற்றத்தில் வெறுங்காலுக்கு இணை எதுவும் இல்லை. முன்பாதம் தானாகவே ஊன்றும், அடிகள் குறுகும், மூச்சும் சீராகும். இறக்கத்தில் கதை மாறுகிறது. ஒவ்வொரு அடியிலும் பாதம் தார்ச்சாலையில் சற்று உராய்ந்து நிற்பதால் தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிரிந்து கொப்புளமாகிறது. அதிலும் மழைக்காலம் முடிந்த பிறகு, தார் கரைந்து ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் வளைவுகளில் வெறுங்காலால் இறங்குவது வீண் வேதனை. அங்கெல்லாம் சாலையோர வெள்ளைக் கோட்டின்மேல் ஓடுவேன். வண்ணப்பூச்சு ஜல்லியின் இடுக்குகளை நிரப்பி வழவழப்பாக்கியிருக்கும். ஆனால் மழை பெய்தால் அதே கோடு வழுக்கும். எனவே வெறுங்காலில் ஏறிச் சென்று, இடுப்புப் பையில் வைத்திருக்கும் மெல்லிய காலணியை அணிந்துகொண்டு இறங்குவதே என் வழக்கமாகிவிட்டது.

காட்டுப்பாதைகளில் கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) காய்களே பெருந்தொல்லை. நான்கு முனை நட்சத்திரம்போல் வாய் விரிந்து கிடக்கும் அந்தக் காய் வெறுங்காலில் பட்டால் உடலே சட்டென எடையை மாற்றிக்கொள்ளும்; மெல்லிய காலணியில் அந்த எச்சரிக்கை தாமதமாக வருவதால், முழு எடையும் அதன்மேல் இறங்கிய பிறகே வலி தெரிகிறது. கவாத்து செய்த தேயிலைத் தோட்டத்தில் மட்டும் இரண்டுமே உதவா. சாய்வாக வெட்டப்பட்ட குச்சிகள் பாதையெங்கும் கிடக்கும். அங்கு வேலை செய்யும் அக்கா ஒருவர் என் கால்களைப் பார்த்து, "செருப்பு இருந்தும் போடாம ஓடுறீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் முழங்கால் வரை கம்பூட் அணிந்திருந்தார்.

கண்ணாடிச் சில்லு பற்றிய அச்சம் இப்போது குறைந்துள்ளது. நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுகிறார்கள். சாலையோர மதகுகளில் உடைந்து கிடந்த பாட்டில்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்ததை, வெறுங்காலில் ஓடுபவன் என்ற முறையில் நன்றியுடன் பதிவு செய்கிறேன். என்றாலும் டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலில் ஓடக் கூடாது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதை முயலவே வேண்டாம். தோலின் எச்சரிக்கையை நம்பி ஓடும் முறை அவர்களுக்குப் பொருந்தாது.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரை நனைக்கும்போது மெல்லிய காலணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும். அட்டைகள் நிறைந்த தடங்களிலும் வெறுங்காலே மேல், ஏறும்போதே கண்ணில் பட்டுவிடும். காலணிக்குள் புகுந்துவிட்டால் இரத்தம் ஊறிய பிறகே தெரியும். டிசம்பர், ஜனவரியில் இந்த வசதி முடிந்துவிடுகிறது. வெலிங்டன் ஜிம்கானா மைதானப் புல்லில் உறைபனி படியும் விடியற்காலையில் பாதம் மரத்துப் போவதால் தோல் கிழிந்தாலும் தெரியாது. நான் வெறுங்கால் ஓட்டத்தை முற்றிலும் நிறுத்திவைக்கும் காலம் அது ஒன்றே.

காலணி வாங்க விரும்புவோருக்கு ஒன்று: விரல்கள் விரியும் அளவுக்கு முன்பக்கம் அகன்றிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும், சோலின் தடிமன் அதற்கு அடுத்ததுதான். என்னுடையவற்றில் சோல் முதலில் தேய்வது சுண்டுவிரலுக்குக் கீழே. தையல் பிரிவதும் அந்தப் பக்கமே. அளவு பார்க்கும்போது கம்பளிக் காலுறையையும் கடைக்கு எடுத்துச் சென்று, அதனுடன் அணிந்து பார்ப்பது நல்லது. அந்தக் காலுறை இல்லாமல் மார்கழிக் குளிரில் இந்தக் காலணியால் பெரிய பயன் இல்லை.