புதிய இன்ஜெக்டர் என்று மாட்டியது போலி: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வட சென்னையில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சான்ட்ரோ, ஜென், வேகன் ஆர், எஸ்டீம் போன்ற வண்டிகளில் போலி இன்ஜெக்டரை (இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளித்துக் கொடுக்கும் பாகம்) மாட்டிவிட்டு ஒரிஜினல் விலையைக் கறந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது நடந்தது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் கசிந்து ஈரம் படர்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்களுடையது 2005ஆம் ஆண்டு சான்ட்ரோ. கொளத்தூரில் வீடு. மாமனாரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், திருவொற்றியூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்வருவதும்தான் அதன் வேலை. காலையில் எடுக்கும்போது லேசாக மிஸ்ஸிங் அடித்ததால் (இன்ஜின் விட்டுவிட்டுத் தடுமாறியதால்) மூலக்கடைப் பக்கம் ஒரு ஷெட்டில் காட்டினோம். பானெட்டைத் திறந்த கையோடு, “இன்ஜெக்டர் அடைத்துவிட்டது மேடம், நான்கையும் மாற்ற வேண்டும்” என்றார்கள். சோதிக்கவில்லை, கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர்களில் பெரும்பாலானவை அல்ட்ராசானிக் முறையில் சுத்தம் செய்தாலே பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதைச் சொல்லவும் இல்லை. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியைக் காட்டினார்கள், முழு விலையையும் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைத்தது. பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

சில நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஆரம்பித்தது தொல்லை. சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் நகரும். மருத்துவமனையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகும்போது பின்னால் கரும்புகை. மைலேஜ் சரிந்தது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை.

அதே ஷெட்டுக்குப் போனால் பிளக் மாற்றினார்கள். அடுத்து பிளக் ஒயர், அடுத்து காயில். திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். கடைசியில் ஆக்சிஜன் சென்சார் வரைக்கும் வந்துவிட்டார்கள். “இன்ஜெக்டரைப் பாருங்களேன்” என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: “அதுதான் புதிதாகப் போட்டிருக்கிறோமே மேடம், அதில் எப்படிக் கோளாறு வரும்?” இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அத்தனை செலவையும் எங்கள் தலையில் கட்டினார்கள்.

நல்ல மெக்கானிக்கே இதில் திசை தவறிப்போக வாய்ப்பு உண்டு, காரணம் வண்டியின் கம்ப்யூட்டர். நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. ஒரே ஒரு இன்ஜெக்டர் சொட்டினாலும் மொத்தப் புகையிலும் பெட்ரோல் அதிகம் என்றுதான் அது சொல்லும். எந்தச் சிலிண்டர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் நான்குக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. ஒழுங்காக இருந்த மூன்றும் பட்டினி கிடக்கின்றன. சொட்டுகிற சிலிண்டரின் பிளக் கரி படிந்து நனைந்திருக்கும். மற்ற மூன்றும் வெளிறியிருக்கும். இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஏற்பாடு, கட்டாயமானது 2010க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் கடையில் விற்கும் சாதாரண ஸ்கேனர் பேசவே பேசாது. பேசினாலும் சென்சார் மேல்தான் பழி விழும்.

ஒரு நாள் மாலை, எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்சீட்டில் மாமனார். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கின்றன. அந்தச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த இளைஞர்கள் தள்ளி ஓரம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர்தான் தண்டையார்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார், அவரிடம் கொண்டு போங்கள் என்று வழி சொன்னார்.

பாய் முதலில் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீண்டும் மாட்டினார். முதலாவது, இரண்டாவது, நான்காவதைப் பிடுங்கியபோது இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு பிளக்குகளைத் துடைத்துப் போட்டு, முதல் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் இடம் மாற்றினார். இப்போது செத்துக் கிடந்தது முதல் சிலிண்டர். “பார்த்தீர்களா அம்மா, இன்ஜெக்டர் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போகிறது. பிளக்கிலும் இல்லை, காயிலிலும் இல்லை” என்றார். அத்தனை பாகங்களையும் மாற்றுவதற்கு முன் மூலக்கடையில் செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். இந்த வகை இன்ஜெக்டரில் மின்தடை பொதுவாக 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். முக்கியமாக நான்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். எங்களுடையவை ஆளுக்கொரு எண் காட்டின. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் நீர்த்துப்போய், அதிலும் பெட்ரோல் வாடை. ஆயிலில் பெட்ரோல் கலந்தபடியே இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும்.

அதன் பிறகு சோதனைப் பலகையில் மாட்டினார். நான்கு கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் நான்கு இன்ஜெக்டர்கள். அழுத்தம் ஏற்றியதும் இரண்டு மட்டும் ஓரளவு பனிப்படலமாகத் தெளித்தன. இன்னொன்று குழந்தைகளின் தண்ணீர்த் துப்பாக்கி போல ஒரே கோடாகப் பீய்ச்சியது. மூன்றாவது சிலிண்டரில் கோளாறு செய்த அந்த இன்ஜெக்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. குழாய்களில் நான்கு மட்டமும் நான்கு உயரத்தில் நின்றன. கடைசியாகப் பெட்ரோலில் நனைத்த துணியால் ஒன்றின் உடலைத் துடைத்தார். நிறுவனத்தின் பெயரும் பாக எண்ணும் துணியோடு வந்துவிட்டன. ஒரிஜினலில் பெரும்பாலும் எழுத்து லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும் என்றார்.

பயமுறுத்தியது மேல்பக்க ரப்பர் வளையம். பெட்ரோல் ரெயிலும் (நான்கு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்) இன்ஜெக்டரும் சேரும் இடத்தில் 3 பார் அளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அது ஒன்றுதான். எத்தனால் கலந்த பெட்ரோலில் மட்டமான ரப்பர் உப்பி, பிறகு வெடித்துப்போகும். எங்களுடையதை பாய் விரலால் அழுத்தியபோது விரிசல் நன்றாகவே தெரிந்தது. அந்த வண்டியில்தான் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரை உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். மற்ற எல்லா ஏமாற்றையும்விட எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இப்போது கம்பெனி உதிரிபாகக் கவுண்டரில் பில்லோடு வாங்கிய நான்கு இன்ஜெக்டர்கள் ஓடுகின்றன. மிஸ்ஸிங் இல்லை, வாடை இல்லை. மூலக்கடைக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. “எங்களுக்கு வந்ததைத்தான் போட்டோம்” என்று சொல்லிவிட்டார். போலி முத்திரைச் சரக்கை விற்பது 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதற்காகப் போலி இன்ஜெக்டர்கள், பெட்டி, துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், சோதனைப் பலகையில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அண்மையில் இன்ஜெக்டர் மாற்றியவர்கள் இன்றே வண்டி ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, ரெயிலில் இன்ஜெக்டர் செருகியிருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் சாவியைத் தொடாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.